அழித்தும் திரும்பாத இடம்: மெய்நிகர் கணினிச் சேமிப்பகங்களில் இடமீட்பு முறைகள்

ஒரு மெய்நிகர் கணினிக்குள் 40 ஜிபி அளவுள்ள பழைய டேட்டாபேஸ் டம்ப் ஒன்றை அழிக்கிறோம். உள்ளே பார்த்தால் வட்டில் 40 ஜிபி காலி. அந்தக் கணினியைத் தாங்கி நிற்கும் சேமிப்பகக் கிளஸ்டரில் பார்த்தால் ஒரு எம்பிகூடக் குறைந்திருக்காது. கிளஸ்டர் செஃப் மென்பொருளில் ஓடி, ஒவ்வொரு தரவையும் மூன்று பிரதிகளாக வைத்திருந்தால், யாருக்கும் பயன்படாத அந்த 40 ஜிபி 120 ஜிபி வன்பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட கணினிகள் ஐம்பது, நூறு என்று சேரும்போது நிலைமை விசித்திரமாகிவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பாதி வட்டு காலி என்கிறார்கள். வெளியே கிளஸ்டர் நிரம்பி வழிகிறது. புதிய டிஸ்க் வாங்கக் கோப்பு நகர்கிறது.

அந்த இடத்தைத் திரும்பப் பெறும் வழிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக உருவாகி வந்திருக்கின்றன. எது எங்கே பலிக்கும், எது எங்கே முடங்கும், எதைத் தொட்டால் ஆபத்து என்பதை இக்கட்டுரை தொகுத்து மதிப்பிடுகிறது. லினக்ஸ், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூஇஎம்யூ, செஃப், இவற்றை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் அடங்கிய திறந்தமூலக் கிளஸ்டரே இங்கு முதன்மை எடுத்துக்காட்டு. விஎம்வேரின் அனுபவம் ஒப்பீட்டுக்காக இடம்பெறுகிறது.

சிக்கலின் வேர்

ஒரு கோப்பை அழிக்கும்போது கோப்பு முறைமை தரவைத் தொடுவதே இல்லை. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் எதுவானாலும் ‘இந்த பிளாக்குகள் இனிக் காலி’ என்று தன் கணக்கேட்டில் குறித்துக்கொள்வதோடு சரி. அந்தக் கணக்கேட்டை வட்டுக்குப் படிக்கத் தெரியாது. இந்த எண்ணுள்ள பிளாக்கில் எழுது, அந்த எண்ணுள்ள பிளாக்கைப் படி என்ற ஏவல்கள் மட்டுமே அதற்குப் புரியும். ஹார்ட் டிஸ்க் காலத்தில் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. டிஸ்க் முழுவதும் ஒரே கணினிக்குச் சொந்தம். காலி பிளாக்கில் பழைய தரவு கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும், அடுத்த முறை அதன் மேலேயே எழுதிக்கொள்ளலாம்.

இந்த நிலையை இரண்டு மாற்றங்கள் கலைத்தன. ஒன்று எஸ்எஸ்டி. எந்த பிளாக் காலி என்று தெரியாவிட்டால், தேவையற்ற தரவையும் அது உள்ளுக்குள் இடம்மாற்றிக்கொண்டே இருந்து தேய்ந்துபோகும். மற்றொன்று தின் ப்ரொவிஷனிங். 2000-களின் தொடக்கத்தில் 3பார் போன்ற நிறுவனங்கள் இதைப் பரவலாக்கின. கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை கொடுத்தவர் பந்தியில் ஒரே நேரத்தில் ஆயிரம் இலை போடுவதில்லை அல்லவா? அதுபோல 500 ஜிபி வட்டு என்று கணினியிடம் சொல்லிவிட்டு, அது எழுத எழுத மட்டும் உண்மையான இடத்தை ஒதுக்குவார்கள். இன்று செஃபின் ஆர்பிடி, எல்விஎம் தின் பூல், க்யூகவ்2 கோப்பு, விஎம்வேரின் தின் விஎம்டிகே எல்லாமே இந்த முறைதான்.

ஒதுக்குவது தானாக நடக்கிறது. திரும்பப் பெறுவது தானாக நடப்பதில்லை. எழுதும் ஏவலைப் பார்த்து இடம் ஒதுக்கிய சேமிப்பகத்துக்கு, அழித்ததைப் பற்றி எந்த ஏவலும் வந்து சேர்வதில்லை. ஆகவே ஒரு தின் வட்டு, எப்போதோ ஒரு நாள் தொட்ட உச்ச அளவிலேயே நின்றுவிடுகிறது. நஷ்டம் இடத்தோடு முடிவதுமில்லை. வட்டை பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் பேக்கப் மென்பொருளும் செத்த தரவுக்கும் உயிருள்ள தரவுக்கும் வேறுபாடு அறியாமல் இரண்டையும் சுமக்கும். வட்டைக் குளோன் செய்தாலும், வேறு சேமிப்பகத்துக்கு மாற்றினாலும் அதே கதைதான்.

சேதி சொல்லும் கட்டளைகள்

‘இந்த பிளாக்குகள் எனக்கு வேண்டாம்’ என்று கீழே சொல்வதற்கான கட்டளைகள் மூன்று குடும்பங்களில் வந்தன. சாட்டா டிஸ்க்குகளுக்கு ட்ரிம், ஸ்கஸி உலகத்துக்கு அன்மேப், என்விஎம்இ-க்கு டீஅலொகேட். விண்டோஸ் 7 2009-இல் ட்ரிம்மோடு வந்தது. ஸ்கஸி அன்மேப்பை அனுப்பும் திறன் விண்டோஸ் சர்வர் 2012-இல் சேர்ந்தது. லினக்ஸ் இவை அனைத்தையும் டிஸ்கார்ட் என்ற ஒரே பெயரில் கையாள்கிறது.

லினக்ஸில் டிஸ்கார்ட் அனுப்ப இரண்டு வழிகள். கோப்பு முறைமையை மவுண்ட் செய்யும்போதே டிஸ்கார்ட் விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் ஒவ்வோர் அழிப்போடும் சேதி போகும். இல்லையென்றால் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை அவ்வப்போது ஓட்டி, காலி இடம் முழுவதையும் மொத்தமாகச் சொல்லலாம். சிறுசிறு கோப்புகளை ஓயாமல் எழுதி அழிக்கும் சர்வரில் முதல் வழி வேகத்தைக் கெடுக்கக்கூடும். அதனால் வாரம் ஒருமுறை எஃப்எஸ்ட்ரிம் என்பதே பெரும்பாலான விநியோகங்களின் வழக்கமாக நிலைத்தது. உபுண்டு 14.04-இலிருந்து இது உண்டு; ஃபெடோரா 32 (2020) இதற்கான டைமரை இயல்பாகவே இயக்கிவைத்தது. பிடிஆர்எஃப்எஸ் மட்டும் வேறு பாதையில் போய், லினக்ஸ் 6.2 முதல் அழிப்புகளைச் சேர்த்துவைத்துப் பின்னணியில் அனுப்பும் முறையை இயல்பாக்கிக்கொண்டது.

சேதி எங்கே நின்றுபோகிறது?

கட்டளை இருந்தும் இடம் திரும்பவில்லை என்ற புகார் இன்றும் ஓயவில்லை. காரணம், கோப்பு முறைமைக்கும் உண்மையான டிஸ்க்குக்கும் நடுவில் பல அடுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் சேதியை வாங்கி அடுத்ததிடம் கொடுக்க வேண்டும். ஓர் அடுக்கு வாயை மூடிக்கொண்டாலும் சேதி அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் எந்தப் பிழைச்செய்தியும் கண்ணில் படாது.

முதல் தடை குறியாக்கம். லினக்ஸின் டிஎம்-கிரிப்ட் அடுக்கு, டிஸ்கார்டை இயல்பில் கீழே விடாது. 2011-இல் வந்த லினக்ஸ் 3.1 முதல், நாம் வெளிப்படையாக அனுமதித்தால் விடும். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. குறியாக்கம் செய்த வட்டில் எந்தப் பகுதி காலி என்று வெளியே தெரிந்தால், உள்ளே எவ்வளவு தரவு, எந்த வகைக் கோப்பு முறைமை என்பதை ஊகிக்க இடம் கிடைத்துவிடும். டிஎம்-கிரிப்டை அமைக்கும் கருவியான கிரிப்ட்செட்டப்பைப் பராமரிக்கும் மிலன் ப்ரோஸ் அந்த ஆண்டே இதை விளக்கி எழுதினார். சொந்தக் கிளஸ்டரில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய கசிவா என்பது அந்தந்த நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவு.

அடுத்த தடை மெய்நிகர் டிஸ்க் கன்ட்ரோலர். க்யூஇஎம்யூவில் விர்ட்ஐஓ-ஸ்கஸி நெடுங்காலமாக டிஸ்கார்டைக் கடத்துகிறது. அதைவிட எளிய விர்ட்ஐஓ-பிளாக்குக்கு அந்தத் திறன் 2019-இல்தான் வந்தது. அதற்கு வெளியே க்யூஇஎம்யூ 4.0, உள்ளே லினக்ஸ் 5.0 கர்னல் என இரண்டுமே வேண்டும். பழைய கர்னலோடு ஓடும் கணினிகள் இன்னும் எத்தனையோ இடங்களில் இருப்பதால், ‘எங்கள் ஹோஸ்ட் புதியது’ என்பது மட்டும் போதாது.

மூன்றாவது, வட்டின் அமைப்பிலேயே உள்ள ஒரு தேர்வு. ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு வட்டுக்கும் டிஸ்கார்ட் என்ற பெட்டி உண்டு. இயல்பில் அதில் டிக் இருக்காது. டிக் இல்லாத வட்டில் உள்ளிருந்து எத்தனை முறை எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினாலும் பூலில் ஓர் அசைவும் தெரியாது. நடைமுறையில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். ஒரே ஒரு டெம்ப்ளேட்டில் டிக் விட்டுப்போயிருந்தால் அதிலிருந்து பிறந்த நூறு கணினிகளிலும் விட்டுப்போயிருக்கும்.

கடைசி அடுக்கு சேமிப்பகம். சாதாரண எல்விஎம்மில் வட்டுக்கான இடம் முன்கூட்டியே முழுதாக ஒதுக்கப்பட்டுவிடுவதால் பூலுக்குத் திரும்ப ஒன்றுமில்லை. என்எஃப்எஸ் 3-இல் வைத்த வட்டுக் கோப்பில் நடுவில் துளையிட வழியே கிடையாது. அதற்கான ஏற்பாடு 2016-இல் வெளியான என்எஃப்எஸ் 4.2 தரநிலையில்தான் வந்தது. செஃபில் ஆர்பிடி வட்டு 4 எம்பி துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு துண்டு முழுவதும் காலி என்று சேதி வந்தால் அந்தத் துண்டே நீங்கிவிடும். துண்டின் நடுவே பொடிப்பொடியாகக் காலியானால் அவ்வளவு சுலபமில்லை: ஆர்பிடி இயல்பாக 64 கேபியை டிஸ்கார்டின் அலகாக வைத்திருக்கிறது. இதற்குக் கீழே, 2021-இன் பசிஃபிக் வெளியீட்டுக்கு முன் ஹார்ட் டிஸ்க்குகளில் அமைத்த புளூஸ்டோர் (டிஸ்க்கில் தரவை வைக்கும் செஃபின் அடுக்கு), இடத்தை ஒதுக்குவதே 64 கேபி அலகில்தான். பசிஃபிக் இதை 4 கேபியாகக் குறைத்தது. ஆனால் மென்பொருளை மட்டும் மேம்படுத்தினால் பழைய ஓஎஸ்டிகளின் (ஒவ்வொரு டிஸ்க்கையும் கையாளும் செஃப் சேவைகளின்) அலகு மாறாது. அவற்றைப் புதிதாக அமைத்தால்தான் மாறும்.

அளவிடுவதில் உள்ள வழுக்கல்

எஃப்எஸ்ட்ரிம்மை விவரம் காட்டும்படி ஓட்டினால் ‘இத்தனை ஜிபி ட்ரிம் ஆனது’ என்று ஒரு கணக்கு வரும். அதை அப்படியே நம்பி அறிக்கை எழுதுபவர்கள் உண்டு. ஆனால் அந்த எண் சொல்வது, கோப்பு முறைமை எவ்வளவு இடத்தைப் பற்றிக் கீழே சேதி அனுப்பியது என்பதை மட்டுமே. கீழே எவ்வளவு விடுவிக்கப்பட்டது என்று அதற்குத் தெரியாது. எக்ஸ்ட்4-இல் கட்டளையை உடனே மறுபடி ஓட்டினால் பூஜ்யம் அல்லது மிகச் சிறிய எண் வரும். ஏற்கெனவே சொல்லிவிட்ட பகுதிகளை அது நினைவில் வைத்திருப்பதே காரணம். மீண்டும் மவுண்ட் செய்தால் அந்த நினைவு போய்விடும். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு அந்த நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் காலி இடம் முழுவதையும் மறுபடி சொல்லி, ஒவ்வொரு முறையும் அதே பெரிய எண்ணைக் காட்டும். எனவே பூஜ்யம் என்றால் வேலை நடக்கவில்லை என்றும் பொருளில்லை, 300 ஜிபி என்றால் 300 ஜிபி மீண்டது என்றும் பொருளில்லை.

நம்பத்தகுந்த அளவீடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். செஃப் என்றால் ‘ஆர்பிடி டியூ’ கட்டளை, எல்விஎம் தின் பூல் என்றால் வட்டின் தரவு விழுக்காடு. இவற்றை ட்ரிம்முக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட வேண்டும். ‘ஆர்பிடி டியூ’விலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபாஸ்ட்-டிஃப் வசதி இயங்கும் வட்டில் அது முழுத் துண்டுக் கணக்கில் விரைவாக விடை சொல்லும். 4 எம்பி துண்டுக்குள் விழுந்த ஓட்டைகள் அந்தக் கணக்கில் வராது. வட்டின் எண் பெரிதாகவே நின்று, பூலின் மொத்தப் பயன்பாடு மட்டும் இறங்கியிருந்தால் குழம்ப வேண்டியதில்லை.

விஎம்வேர் கற்ற பாடம்

இதே பாதையை விஎம்வேர் வேறொரு வரிசையில் கடந்தது. 2011-இல் அதன் மெய்நிகராக்கத் தளமான விஸ்பியரின் 5.0 பதிப்பு, அன்மேப்பைத் தானாக அனுப்பும் வசதியோடு வந்தது. வட்டு ஒன்றை அழித்தவுடனே சேமிப்பகத்துக்கு அன்மேப் பாயும். சில சேமிப்பகங்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பணிகள் தடுமாறவே, ஒரு பேட்ச் வழியாக அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இது அட்மின் கையால் கட்டளையிட்டு, பணி குறைந்த இரவு நேரத்தில் செய்யும் வேலையாக இருந்தது. 2016 இறுதியில் விஸ்பியர் 6.5-உடன் வந்த விஎம்எஃப்எஸ் 6, மறுபடி தானியங்கி முறைக்குத் திரும்பியது. இம்முறை பின்னணியில், மெதுவாக. 2018-இல் வந்த 6.7-இல் அந்த வேகத்தை நொடிக்கு 100 எம்பி முதல் 2000 எம்பி வரை நாமே நிர்ணயிக்க முடிந்தது. அதே ஆண்டு 6.7 அப்டேட் 1-இல் விஎம்வேரின் சேமிப்பகமான விசானுக்கும் உள்ளிருந்து வரும் அன்மேப்பை ஏற்கும் திறன் வந்தது.

மீட்பும் ஒரு சுமை என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். திறந்தமூலக் கிளஸ்டர்களுக்கும் இது பொருந்தும். எஃப்எஸ்ட்ரிம் டைமரின் ‘வாராந்தரம்’ என்பது திங்கட்கிழமை நள்ளிரவைக் குறிக்கும். சிதறலுக்கான தாமதம் அமைக்காத பழைய பதிப்புகளில், நூற்றுக்கணக்கான கணினிகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ட்ரிம் ஓட்டத் தொடங்கிவிடும். திங்கள் அதிகாலையில் கிளஸ்டர் திணறுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பூஜ்யம் நிரப்பும் பழைய வழி

டிஸ்கார்ட் பாதை இல்லாத காலத்தில், ஓரளவுக்கு இன்றும், கையாளப்படும் முறை வேறு. காலி இடம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டு, பிறகு வெளியிலிருந்து அந்தப் பூஜ்யப் பகுதிகளை நீக்குவார்கள். லினக்ஸில் டிடி அல்லது ஜீரோஃப்ரீ, விண்டோஸில் எஸ்டெலிட் நிரப்புவதற்கு. க்யூஇஎம்யூ-இமேஜ் வழியாக நகலெடுப்பதோ செஃபின் ‘ஆர்பிடி ஸ்பார்சிஃபை’யோ நீக்குவதற்கு. பின்னது 2019-இன் நாட்டிலஸ் வெளியீட்டில் சேர்ந்தது.

இதன் ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 ஜிபி தின் வட்டில் 60 ஜிபிதான் இதுவரை எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். உள்ளே டிடி ஓட்டினால் மீதி 440 ஜிபிக்கும் பூஜ்யங்கள் எழுதப்படும். மூன்று பிரதிக் கிளஸ்டரில் அது 1320 ஜிபி. இடம் மீட்கக் கிளம்பியவர், மீட்பு முடிவதற்குள் பூலை நிரப்பிவிடலாம். டிஸ்கார்ட் டிக் செய்த ப்ராக்ஸ்மாக்ஸ் வட்டில் க்யூஇஎம்யூவே பூஜ்யங்களைக் கண்டறிந்து டிஸ்கார்டாக மாற்றிவிடும் என்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனால் அந்த டிக் இருக்கும் இடத்தில் எஃப்எஸ்ட்ரிம்மே போதும்; பூஜ்யம் எதற்கு?

லிப்கெஸ்ட்எஃப்எஸ் தொகுப்பின் விர்ட்-ஸ்பார்சிஃபை இதைவிடக் கண்ணியமான கருவி. கணினியை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்தே கோப்பு முறைமையைப் படித்து, காலி இடத்தை விடுவிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டில் இதை ஏவினால் வட்டு கெடும். பழைய கர்னல், பழைய கன்ட்ரோலர் கொண்ட கணினிகளுக்கு ஒருமுறை வைத்தியமாக இதைக் கொள்ளலாம்.

ஸ்னாப்ஷாட்டும் அநாதை வட்டுகளும்

பாதை முழுக்கச் சரியாக இருந்தும் இடம் திரும்பாததற்கு இன்னொரு பெரிய காரணம் ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் இருந்த தரவு அதற்குச் சொந்தம். பிறகு உள்ளே எதை அழித்து ட்ரிம் செய்தாலும் அந்தப் பிரதி அசையாது. மேம்படுத்தலுக்கு முன் பாதுகாப்புக்காக எடுத்து, பின்பு மறந்துபோன ஸ்னாப்ஷாட்டுகள் இப்படித்தான் பூலைத் தின்கின்றன. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் நெடுநாள் அறிவுரை. செஃபில் ஸ்னாப்ஷாட்டை நீக்கிய உடனேயே இடம் வந்துவிடாது. ஸ்னாப்ட்ரிம் என்ற பின்னணி வேலை துண்டு துண்டாகத் துடைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

வட்டு மாற்றமும் கவனிக்க வேண்டியது. கணினி ஓடும்போதே வட்டை வேறு சேமிப்பகத்துக்கு நகர்த்தினால், சில சேமிப்பகங்களில் தின் வட்டு முழு அளவுக்கு ஊதிப்போய் நிற்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் இதற்காகவே கெஸ்ட் ஏஜென்ட் (கணினிக்குள் ஓடும் உதவி மென்பொருள்) அமைப்பில், நகர்த்தல் முடிந்ததும் தானாக ட்ரிம் ஓட்டும் விருப்பம் ஒன்றைத் தந்திருக்கிறது.

அநாதை வட்டுகளின் கதை முற்றிலும் வேறு. விஸ்பியரில் கணினியைப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கினால் அதன் வட்டுக் கோப்புகள் டேட்டாஸ்டோரிலேயே கிடக்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் கழற்றிய வட்டு, ‘பயன்படாதது’ என்ற வரியாகக் கணினியின் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க ஸ்கிரிப்ட் போதும். அழிக்க ஸ்கிரிப்ட் போதாது. இது யாருடைய வட்டு, உள்ளே என்ன இருக்கிறது, போய்விட்டால் யார் கேட்பார்கள் என்பதற்கு மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருக்கும்.

தேவைக்கு மிஞ்சிய பெரிய வட்டுகளைச் சுருக்குவது பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். எக்ஸ்ட்4-ஐ மவுண்ட் செய்யாத நிலையில் சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்க முடியாது. ட்ரிம் ஒழுங்காக நடக்கும் தின் பூலில் பெரிய வட்டு தனக்கென்று இடம் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. ஆகவே சுருக்கும் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் தேவையற்றது. அமேசானின் இபிஎஸ் போன்ற கிளவுட் வட்டுகளில் மட்டும் கணக்கு மாறுகிறது. கட்டணம் கேட்டு வாங்கிய முழு அளவுக்கு. உள்ளே எவ்வளவு ட்ரிம் செய்தாலும் பில் குறையாது. வட்டைச் சுருக்கவும் வழியில்லை. சிறிய வட்டு ஒன்றை உருவாக்கித் தரவை நகர்த்துவதுதான் மிச்சம்.

ஆபத்துகள்

டிஸ்கார்ட் என்பது தரவை அழிக்கும் ஏவல். அதில் பிழை இருந்தால் இழப்புக்கு ஈடில்லை. 2015-இல் அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளின் பகுதிகள் பூஜ்யமாகிப்போயின. சந்தேகம் முதலில் சாம்சங் எஸ்எஸ்டிகள் மேல் விழுந்தது. பிறகு சாம்சங் பொறியாளர்கள் தேடிப்பார்த்ததில், லினக்ஸ் கர்னலின் ரெய்டு பகுதி டிஸ்கார்ட் ஏவல்களைக் கையாண்ட விதத்தில் பிழை இருப்பது தெரிந்து, திருத்தமும் வெளியானது. 2019-இலும் லினக்ஸ் 5.1-இன் தொடக்கப் பதிப்புகளில், டிவைஸ் மேப்பர் அடுக்கு கேட்டதைவிட அதிகமான பிளாக்குகளை டிஸ்கார்ட் செய்த பிழை சிலரின் தரவைக் கொண்டுபோனது, 5.1.5-இல் அது சரிசெய்யப்பட்டது. இந்த இரண்டையும் காட்டி ட்ரிம்மே வேண்டாம் என்பது மிகை. கர்னலை மாற்றிய வாரத்தில், பேக்கப்பைச் சோதித்துப் பார்க்காமல், எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் ட்ரிம் ஓட்ட வேண்டாம் என்பதே நியாயமான முடிவு.

தவறுதலாக அழித்த கோப்பை மீட்கும் வாய்ப்பும் ட்ரிம்மோடு போய்விடுகிறது. வாரம் ஒருமுறை என்ற இடைவெளிக்கு இது ஒரு கூடுதல் நியாயம்.

எதுவும் செய்யாமல் விடுவதன் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. செஃபில் ஒரே ஓர் ஓஎஸ்டி 85 விழுக்காட்டை எட்டினால் எச்சரிக்கை வரும். 95-ஐ எட்டினால், மற்றவற்றில் இடம் இருந்தாலும், அதைச் சார்ந்த பூல்களில் எழுதுவது நின்றுவிடும். எல்விஎம் தின் பூல் நிரம்பினால் இயல்பாக 60 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுத வரும் ஏவல்களைப் பிழையென்று திருப்பி அனுப்பும். உள்ளே இருக்கும் கணினிகளுக்கோ வட்டு பாதி காலியாகவே தெரியும். ஏன் செத்தோம் என்றே தெரியாமல் அவை வரிசையாக நிற்கும்.

மதிப்பீடு

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி 2019-ஓடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கர்னல், க்யூஇஎம்யூ, விஎம்வேர், செஃப் எல்லாமே அந்த ஆண்டுக்குள் சேதியைக் கடத்தக் கற்றுக்கொண்டன. இன்று வீணாகும் இடத்துக்குக் காரணம், இருக்கும் வசதியை டெம்ப்ளேட்டில் இயக்கிவைக்காததும், ஸ்னாப்ஷாட்டுக்கும் வட்டுக்கும் பொறுப்பாளர் பெயர் எழுதி வைக்காததுமே. முதல் குறைக்கு மருந்து எளிது: டெம்ப்ளேட்டில் டிஸ்கார்ட், விர்ட்ஐஓ-ஸ்கஸி, வாராந்தர எஃப்எஸ்ட்ரிம், கெஸ்ட் ஏஜென்ட். இரண்டாவதற்கு மருந்து நிர்வாகத்தில்தான் உண்டு: ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரு காலாவதித் தேதி. பூஜ்யம் நிரப்புவதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மீட்ட இடத்தைக் கையிருப்பாக எண்ணிப் புதிய கணினிகளுக்குப் பங்குவைப்பதும் தவறு. தரவை அழித்த கணினிகள் நாளை மறுபடி எழுதும். தின் பூலில் அந்த உரிமை அவற்றுக்கு இருக்கிறது. புதிய டிஸ்க் வாங்கும் கோரிக்கையில் கையெழுத்திடும் முன், பூலில் மிகப் பெரிய பத்து வட்டுகளை எடுத்து, உள்ளே சொல்லும் கணக்கையும் வெளியே தெரியும் கணக்கையும் அருகருகே எழுதிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது டெம்ப்ளேட்டைத்தான்.